நில மட்டம்

வீட்டைக் கட்டிப்பார் என்று சொன்ன முன்னோர், வீட்டைத் திருத்திப்பார் என்று சொல்லாமற் போனது ஏனென்று நாம் சில மாதங்களாகச் சிந்தித்து வருகிறோம். புது வீடு கட்டுபவன் வெறுங் காணியிலே கயிறு பிடிக்கிறான். பணமும் பொறுமையும் இருந்தால் அவன் காரியம் ஒருவாறு ஒப்பேறிவிடும். பழைய வீட்டைத் திருத்துபவனுக்கோ இவ்விரண்டும் போதா. எதை வைத்துக்கொள்வது, எதை இடிப்பது என்ற கேள்வி ஒவ்வொரு சுவரடியிலும் அவனை மறித்து நிற்கும். விடை கூறுவதானால், அச்சுவரை எழுப்பியவர் எந்நோக்கத்துடன் எழுப்பினார் என்பதை அறியவேண்டும். அறிந்தபின் அந்நோக்கம் தனக்கு உடன்பாடானதா என்பதையும் தீர்மானிக்கவேண்டும்.

எமது வீடு வலிகாமத்துக் கிராமம் ஒன்றிலே உள்ளது. பாட்டனார் 1938ஆம் ஆண்டிற் கட்டிய நாற்சார் வீடு அது. நடுவே முற்றம், நாற்புறமும் விறாந்தை, தெருவை நோக்கிய திண்ணை, அடுக்களைக்குப் பின்னால் ஒரு பத்தி. யாழ்ப்பாணத்து வசதியுள்ள குடும்பங்கள் அக்காலத்தில் விரும்பிய அமைப்பு இதுவே. சுவர்கள் சுண்ணாம்புக்கல், வளையும் சலாகையும் வைரம் பாய்ந்த பனை, நிலம் சிவப்புச் சீமெந்து. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் வீதிக்கு இறங்கியபோது எமது குடும்பமும் இறங்கியது. மறு ஆண்டு மீண்டபோது சுவர்கள் நின்றன. கூரையிற் பாதியைக் காணவில்லை. தகப்பனார் கையில் இருந்த பணத்துக்கு அஸ்பெஸ்ரஸ் தகடே கிடைத்தது. அத்தகட்டின் கீழேயே நாம் வளர்ந்தோம், படித்தோம், ஆசிரியரானோம்.

2022இல் திருத்த வேலையைத் தொடங்க எண்ணியிருந்தோம். அவ்வாண்டிலே ரூபாவின் மதிப்பு வீழ்ந்தது. சீமெந்துப் பையின் விலை சில மாதங்களுக்குள் இரு மடங்கையும் தாண்டியது. எண்ணத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினோம். எமது சம்பளமும் மனைவியாரின் சம்பளமும் ஒரு வங்கிக் கடனும் ஒன்றுசேர்ந்து, இவ்வாண்டு தை பிறந்த பின்னரே முதற் கல்லைப் பெயர்க்க முடிந்தது. இன்று கூரை முடிந்துவிட்டது. சுவரில் முக்காற்பங்கு முடிந்துவிட்டது. நிலவேலை நடந்துகொண்டிருக்கிறது. செலவின் வரலாற்றைக் கணக்குப் புத்தகம் சொல்லும். அதிற் பதியாத ஒன்றை இங்கே சொல்ல விரும்புகிறோம். கூரைக்கும் சுவருக்கும் நிலத்துக்கும் ஒரு பொருளைத் தெரிந்தெடுக்கும் ஒவ்வொரு வேளையிலும், யாரோ ஒருவருடைய உடலையும் மானத்தையும் பற்றியும் தீர்மானிக்கிறோம் என்பதே அது.

முதலிற் கூரையை எடுத்துக்கொள்வோம். அஸ்பெஸ்ரஸ் நாரின் எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் ஐயத்துக்கு இடமின்றிக் கூறியுள்ளது. தகடு உடையாமற் கிடக்கும்வரை ஆபத்துக் குறைவு. உடைக்கும்போதும் அறுக்கும்போதும் துளையிடும்போதும் கண்ணுக்குப் புலப்படாத நார்கள் காற்றிலே கலந்து நுரையீரலிற் குடிபுகுகின்றன. நோய் வெளிப்பட இருபது, முப்பது ஆண்டுகளும் செல்லலாம். எமது கூரையைக் கழற்றும்போது இவ்வபாயம் யாருக்கு? தூரத்தில் நின்று பார்க்கும் எமக்கா, மேலேறி நிற்கும் தொழிலாளிக்கா? விலை பேச வந்த ஒருவர், “ஒரு நாளையிலை சுத்தியலாலை அடிச்சு இறக்கிப் போடலாம்” என்றார். நாம் வேறொருவரைத் தேடினோம். தகடுகளுக்குத் தண்ணீர் தெளித்து, ஆணிகளைக் கழற்றி, உடையாமல் ஒவ்வொன்றாக இறக்க மூன்று நாட்கள் சென்றன. மேலதிகமான இரண்டு நாட்கூலி வீண்செலவு என்று அயலவர் சிலர் கூறினர். மனிதனுடைய நுரையீரல் இரண்டு நாட்கூலியிலும் மலிவானது என்று கருதுவோருக்கு அது வீண்செலவே.

எஞ்சியிருந்த பழைய ஓடுகளின் முதுகிலே மங்களூரின் பெயர் பொறித்திருந்தது. 1865இல் பாசல் மிசன் அந்நகரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. பின்னர் அவ்வகை ஓடுகள் கப்பலேறி இந்துசமுத்திரக் கரைகள் பலவற்றுக்கும் பரவின. புதிதாக வேண்டிய ஓடுகள் தங்கொட்டுவைப் பகுதிச் சூளைகளிலிருந்து வந்தன. அங்கே களிமண் பிசைந்து சுட்டவரும் இங்கே அதனைச் சலாகையில் அடுக்கியவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. எமது கூரையில் இருவருடைய உழைப்பும் அருகருகே கிடக்கிறது.

அடுத்தது சுவர். பூச்சுப் பல இடங்களிலே பொருமி உதிர்ந்திருந்தது. வியப்பு யாதெனில், இடப்பெயர்வின் பின் பூசப்பட்ட சீமெந்துப் பூச்சே முதலில் உதிர்ந்தது. 1938ஆம் ஆண்டின் சுண்ணாம்புப் பூச்சுப் பெரும்பாலும் உறுதியாக நின்றது. அறுபத்தேழு வயதுடைய எமது மேசன் அதன் காரணத்தை ஒரே வசனத்தில் விளக்கினார். “மாஸ்டர், இது மூச்சு விடுற சுவர். வாயைப் பொத்தினால் திமிறத்தானே செய்யும்?”

விஞ்ஞானமும் அதனையே சொல்கிறது. பழைய கற்சுவர் நிலத்தின் ஈரத்தை மேலிழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு அவ்வீரத்தை ஆவியாக வெளியே விடும். சீமெந்தும் பிளாஸ்ரிக் கலந்த வர்ணங்களும் வழியை அடைப்பதனால், ஈரமும் உப்பும் பூச்சின் பின்னே தேங்கி அதனைத் தள்ளி வீழ்த்துகின்றன. ஆயினும் இரண்டு தலைமுறையாக நாம் சீமெந்தையே நாகரிகம் என்று கொண்டோம். 1950இல் உற்பத்தியைத் தொடங்கி, 1990இற் போரினால் மூடப்பட்ட காங்கேசன்துறைத் தொழிற்சாலை எமது சுண்ணாம்புக்கல்லையே அரைத்துச் சீமெந்தாக்கிற்று. அதே கல்லைச் சூளையிற் சுட்டு நீற்றிய பழைய தொழில் மெல்ல மறைந்தது. நீற்றிய சுண்ணாம்பைக் குழியிலிட்டு வாரக்கணக்கில் ஊறவைத்து, அரித்த மணலுடன் கலந்து, மெல்லிய படைகளாகப் பூசவேண்டும். அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை உட்கொண்டு நாளடைவில் மீண்டும் கல்லாகும். எமது அயலில் இவ்வேலையை அறிந்தவர் அம்மேசன் ஒருவரே. அவருடைய மகன் கட்டாரிலே கட்டடத் தொழிலாளி. தந்தையின் கைத்திறனை அங்கே எவரும் கேட்பதில்லை. இங்கே கேட்பாரும் அருகிவிட்டனர்.

பல்கலைக்கழகத்திலே நெடுநல்வாடையைப் பயின்ற நாட்களை இவ்வேளையில் நினைத்துக்கொண்டோம். கயிறிட்டுத் திசை பார்த்து அரண்மனைக்கு மனை வகுத்த நூலறிந்தோரை அப்பாட்டு மறக்கவில்லை. கதவை இடைவெளியின்றிப் பொருத்திய கைவினைஞனையும் மறக்கவில்லை. சுவரிற் பூசிய சுதை வெள்ளிபோல் ஒளிர்வதையும் புலவர் கண்டு பாடினார். அச்சுதையைச் சுட்டு, நீற்றி, சுமந்து, கை வெந்துபோனவரைப் பற்றிய பேச்சை நாம் அதிற் கண்டதில்லை. வீட்டின் அழகைப் பாடும் மரபு எமக்கு நெடியது. அவ்வழகை ஆக்கியவர் யாரென்று கேட்கும் மரபு மிகக் குறியது.

சுவர் ஒருவாறு முடிவுக்கு வந்ததும் நிலத்தைப் பற்றிய விவாதம் எழுந்தது. மெருகிட்ட தரையோட்டை எமது ஊரவர் மாபிள் என்றே அழைப்பர். மாபிள் பதியாத வீடு திருத்திய வீடாகாது என்பது இன்றைய பொது அபிப்பிராயம். 2020இல் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளிலே தரையோடும் அடங்கியிருந்தது. அதன் விலை ஏறியபோது ஆசை குறையவில்லை, மேலும் வளர்ந்தது. கனடாவிலிருக்கும் தமையனார் தொலைபேசியில், “காசை நான் அனுப்புறன், நல்ல வெள்ளை மாபிளாப் போடு, நாங்கள் லீவுக்கு வந்து நிக்கேக்கை வீடு வீடா இருக்கவேணும்” என்றார். அவருடைய அன்பை நாம் குறைகூறவில்லை. ஆயினும் எமது ஊரிலே பளிங்குபோல் மின்னும் வீடுகள் சில, ஆண்டிற் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு மாத விருந்தினரின் கண்ணுக்காகப் பன்னிரண்டு மாதம் வாழ்வோரின் வீட்டை அமைப்பது நியாயமா? எண்பது வயதைக் கடந்த பாட்டியார் எம்முடன் இருக்கிறார். ஈரம் பட்டால் வழுக்கும் மெருகோடு அவருக்குத் தரையன்று, பொறி.

மாபிள் பதிக்கும் வேலைத்தலங்கள் இரண்டையும் சென்று பார்த்தோம். மின்சார வாளால் ஓட்டை உலர்வாக அறுத்துக்கொண்டிருந்த இளைஞன் புழுதிக்குள்ளே மறைந்திருந்தான். முகத்தில் ஒரு துவாய்த் துண்டு, அவ்வளவே பாதுகாப்பு. அப்புழுதியில் உள்ள சிலிக்கா, சுவாசப்பையைத் தழும்பாக்கி இறுக்கும். சிலிக்கோசிசு எனப்படும் அந்நோயைப் பூரணமாக மாற்றும் மருந்து இல்லை. அடுக்களைத் தட்டுக்கென்று கடைகளிற் காட்டப்படும் செயற்கைக் கல் வகைகள் சிலவற்றில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் சிலிக்காவே. கல்லறுத்த இளந்தொழிலாளர் பலர் நோயுற்றதைக் கண்டு, அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1ஆம் திகதி முதல் அக்கல்லையே தடைசெய்தது. செல்வ நாட்டில் தடைப்பட்ட ஒரு பண்டத்தை நாகரிகத்தின் அடையாளமாக வறிய நாட்டில் விற்க முடிகிறது என்பதை வாசகர் சிந்திக்கவேண்டும்.

ஆகவே எமது தெரிவுகள் எளிமையாயின. குளியலறைக்கும் அடுக்களைத் தட்டுக்கும் மாத்திரம் சொரசொரப்பான சிறிய ஓடு. அதனையும் கைப்பொறியாற் கீறி முறிப்பது. வாள் வேண்டிய இடத்தில் தண்ணீர் ஊற்றி அறுப்பது. அறைகளிலும் விறாந்தையிலும் பழைய சிவப்புச் சீமெந்தையே வைத்துக்கொண்டு, வெடித்த இடங்களைத் திருத்துவது. இம்முடிவை மேசனிடம் கூறியபோது, அவர் விறாந்தை நிலத்தை நெடுநேரம் பார்த்தபடி நின்றார். பின்பு சொன்னார்:

“உந்த நிலம் எங்கட ஐயா இழைச்சது, மாஸ்டர்.”

கேட்கக் கேட்க விவரம் வந்தது. 1938இல் அவருடைய தந்தையார் இருபத்து மூன்று வயது இளைஞர். காவியையும் சீமெந்தையும் கலந்து, கரண்டியால் அழுத்தி, வழவழப்பான கல்லினால் நாட்கணக்கில் முழந்தாளிட்டு உரைத்து இந்நிலத்தை மினுக்கியவர் அவரே. “வேலை முடியுமட்டும் உள்ளுக்கை திரியலாம். முடிஞ்சாப் பிறகு பின்பத்தி மட்டுந்தான். சாப்பாடும் அங்கைதான், கணக்குப் பாக்கிறதும் அங்கைதான்.” குரலிலே கோபம் இல்லை. பூச்சின் கலவையளவைச் சொல்லும் அதே தொனி. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக எமது குடும்பம் பெருமையுடன் காட்டிவந்த நிலம் அது. அதனை ஆக்கியவர் அதன்மேல் இருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

அதன் பின்னரே பத்தியை நாம் கண்திறந்து அளந்தோம். பதினெட்டடி நீளம், எட்டடி அகலம். அதன் நிலம் விறாந்தையிலும் ஒன்பது அங்குலம் பதிந்து கிடக்கிறது. கூரையும் அதற்கேற்பத் தாழ்ந்திருப்பதால் வளர்ந்த ஒருவர் குனிந்தே உட்புகவேண்டும். மழைநீர் வடிவதற்காகப் பதித்தார்கள் என்று இதுவரை கேள்விப்பட்டிருந்தோம். நீர்மட்டம் வைத்துப் பார்த்தபோது தண்ணீர் வெளியே ஓடவில்லை, பத்திக்குள்ளேதான் தேங்கியது. அப்பள்ளம் மழைக்காக வெட்டப்பட்டதன்று. மனிதரைப் பதிவில் இருத்துவதற்காகவே வெட்டப்பட்டது. சாதியை நாம் மனத்தில் உள்ள நோய் என்று மேடைகளிலே பேசுகிறோம். அது கல்லாலும் சாந்தாலும், அங்குலக் கணக்கிலும் கட்டப்பட்டிருக்கிறது.

1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறியது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் சென்றது. 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலிலே ஒடுக்கப்பட்ட மக்கள் உரிமை கேட்டு நின்றனர். தேநீர்க்கடைக்கும் கோயிலுக்கும் பொதுக்கிணற்றுக்கும் சட்டமும் போராட்டமும் வழி திறந்தன. தனிவீட்டின் பின்பத்திக்குள் எந்தச் சட்டம் புகும்? அங்கே சிரட்டை மறைந்தது உண்மை. அதன் இடத்தில் இன்று வேலையாட்களுக்கென்றே தனியாக வாங்கி வைத்த கடதாசிக் குவளைகளை நாம் கண்டிருக்கிறோம். வீட்டார் கண்ணாடிக் குவளையிற் குடிப்பர். காரணம் கேட்டால் சுகாதாரம் என்பர்.

நிலத்தை உயர்த்தினால் தலை கூரையில் முட்டும். ஆதலாற் கூரையையும் உயர்த்தவேண்டும். உடைத்த பழம் பூச்சையும் கல்லையும் அடியிலிட்டு நிரப்பினாலும், மூன்றங்குலக் கொங்கிறீற்றுக்கும் மேற்பூச்சுக்கும் ஏறக்குறைய எட்டுப் பை சீமெந்து வேண்டும் என்று மேசன் கணக்கிட்டார். பனஞ்சலாகையும் கூலியும் வேறு. நடுவறைக்குச் சீலிங் அடிக்க ஒதுக்கிய பணத்தைத் தவிர எம்மிடம் வேறு பணம் இல்லை. “சீலிங் இல்லாட்டி மானம் போகாது, ஓட்டைப் பாத்துக்கொண்டு படுப்பம்” என்று மனைவியார் விவாதத்தை முடித்துவைத்தார்.

பெரியம்மா அதனைக் கேட்டு அன்று மாலையே வந்தார். “உந்தப் பத்தியை அப்பு யோசிக்காமலே பதிச்சவர்? நீங்கள் இப்ப பெரிய சீர்திருத்தக்காரர் ஆகீட்டியளோ?” என்று கேட்டார். வாதம் வளர்ந்தது. அம்மா இருபக்கமும் பேசாமல் இருந்தார். அவருக்குக் கொள்கையிலும் உறவு பெரிது. எழுபது வயதில் உடன்பிறந்தவளைப் பகைப்பது எளிதன்று. ஆயினும் மறுநாள் மதியம் இலைகளை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தார். “தம்பி, எல்லாரையும் இஞ்சை வந்து இருக்கச் சொல்லு. சோறு ஆறப்போகுது” என்றார். மேசனும் கையாட்கள் இருவரும் சிவப்பு நிலத்தில் எம்முடன் வரிசையாக இருந்து உண்டனர். பெரியம்மா அன்றிலிருந்து எமது படலையைத் திறக்கவில்லை. அம்மா இரவிற் சில வேளை அதனை நினைத்துக் கண்கலங்குகிறார். ஒன்பது அங்குலத்தின் விலையில் இதுவும் அடங்கும்.

இதனைப் பெருஞ்செயலாக எண்ண எமக்கு இடமில்லை. பத்தி உயர்ந்த நாளில் நாம் மேசனிடம் எமது மகிழ்ச்சியைச் சொன்னோம். அவர் கரண்டியைக் கழுவியபடி, “நல்லது மாஸ்டர். ஆனால் எங்கட பெடியனுக்கு உந்த ஒழுங்கையிலை ரண்டு பரப்புக் காணி வாங்கேலுமோ? காசு இருக்கு. போன வரியமும் கேட்டவன். ஒருத்தரும் விக்கேல்லை” என்றார். அக்கேள்விக்கு விடைகூற எட்டுப் பை சீமெந்து போதாது. எமது பேச்சுவழக்கிலே வீட்டின் தரையும் நிலம், உழும் காணியும் நிலம். முன்னதிற் சமமாக இருத்திவிட்டுப் பின்னதை மறுப்போமாயின், உயர்ந்த பத்தியும் ஒரு பூச்சு வேலையே.

வேலை இன்னும் எஞ்சியிருக்கிறது. பழைய கதவுகளின் வர்ணத்தை உரைத்தெடுக்க வேண்டும். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், பிள்ளைகளை அகற்றிவிட்டு ஈரமாகவே உரைக்கச் சொல்லியிருக்கிறோம். பத்தியின் புதுச் சிவப்பு, விறாந்தையின் பழஞ்சிவப்புடன் இன்னும் நிறம் ஒக்கவில்லை. இரண்டும் கூடுமிடத்தில் ஒரு கோடு தெரிகிறது. கால் பட்டுப் பட்டுச் சில ஆண்டுகளில் ஒன்றாகிவிடும் என்கிறார் மேசன்.

வீடு திருத்தும் வாசகர்கள் வர்ணத்தையும் ஓட்டையும் தெரிந்தெடுக்கக் கடைக்குச் செல்வதற்கு முன், வீட்டின் பின்புறத்தில் ஒருமுறை நீர்மட்டம் வைத்துப் பார்க்கவேண்டும். அங்கே காணும் பள்ளத்தை நிரப்புவது அவரவர் கையில் உள்ளது. அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஒழுங்கையிற் காணி விலைப்படும்போது வாங்குபவரின் சாதியைக் கேளாதிருக்கும் ஊரை ஆக்குவது தனி ஒருவரால் முடியாத காரியம். எமது ஒழுங்கையில் உள்ள வீடுகள் பதினொன்று. முதல் மூன்று வீட்டாருடன் பேசியிருக்கிறோம். ஒருவர் உடன்பட்டார், ஒருவர் சிரித்தார், ஒருவர் கதவைச் சாத்தினார். இன்னும் ஏழு வீடுகள் இருக்கின்றன.